ஸ்பீக்கர் மேல் தொங்கிய ஜாக்கெட்

பிரிக்பீல்ட்ஸ்
8 மே 2025

பிராண்டனுக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் உன்னை பிளாக் செய்தது செய்ததுதான். எடுத்தால் நான் இறங்கி வந்த மாதிரி ஆகிவிடும். போன் அடித்தால் நீ என்றைக்குமே எடுத்ததில்லை. அதனால் காலேஜ் காலத்து இமெயிலைத் தேடிப் பிடித்து எழுதுகிறேன்.

விஷயம் ஜசிந்தாவைப் பற்றியது. பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குக் காது டெஸ்ட் செய்வார்கள். ஜசிக்கு வலது காது பாஸ். இடது காது பாஸ் ஆகவில்லை. உள்ளே தண்ணீர் இருக்கும், பயப்படாதீர்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் சளி, காய்ச்சல் என்று தள்ளிப்போய், போன வாரம்தான் மறுபடி செய்தார்கள். மறுபடியும் இடது காது பாஸ் ஆகவில்லை. ஜூன் மாதம் பெரிய டெஸ்ட். தூங்கவைத்து, தலையில் வயர் ஒட்டிச் செய்வது.

டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். இரண்டு குடும்பத்திலும் சின்ன வயதிலேயே காது கேட்காமல் போனவர்கள் உண்டா? ரயன் பக்கம் யாரும் இல்லை. நம் பக்கமும் இல்லை என்றேன். அப்பாவுக்கு இடது காது மந்தம்தான், ஆனால் அது காப்பார் பவர் ஸ்டேஷன் சத்தத்தில் போனது என்று அம்மா எப்போதும் சொல்வாள். டாக்டர் விடவில்லை. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், இன்று நன்றாக இருக்கிற வலது காதையும் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் அவ்வளவு தேவைப்படாதாம்.

உனக்கு ஏதாவது தெரியுமா? ஒரு வரி போதும்.

நான் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் மில்க் டின் மூடியைத் தட்டித் தட்டிப் பார்க்கிறேன். சில சமயம் திரும்புகிறாள், சில சமயம் இல்லை. ரயன், "நீ ஃபேக்டரியில பார்க்கிற மாதிரி பிள்ளையப் பார்க்காத" என்கிறார்.

பிப்ரவரியில் கோவிலில் நடந்ததைப் பற்றி நான் எழுதவில்லை. நீயும் எழுத வேண்டாம்.

கிளாரிசா


கிள்ளான்
11 மே 2025

அக்கா,

மெயில் பார்த்தேன். ஜசி விஷயம் எனக்கு யாரும் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. அவளுக்கு ஒன்றும் இருக்காது. நம்ம பக்கம் யாரும் இல்லை. அப்பாவுக்கு ஸ்டேஷன்தான்.

கோவில் விஷயம் எழுத வேண்டாம் என்றாய். எழுதுவேன். அன்றைக்கு நீ மட்டும்தான் பேசினாய்.

ஜசியின் ஞானஸ்நானத்துக்கு என்னை ஞானத்தந்தையாக நிற்கச் சொன்னது நீ. வந்து நின்றேன். அந்தப் பங்குக் கோவிலில் ஞானப் பெற்றோரைத் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது. "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்று ஃபாதர் இரண்டு தடவை கேட்டாராம், நான் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேனாம். கோவிலே பார்த்ததாம். அப்புறம் ஹாலில் உன் மாமியார், "பையனுக்கு சாத்தானை விட மனசு வரல போல, ராத்திரி வேலை அவன்கூடத்தானே" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "இனிமே என் பிள்ளையத் தூக்காத" என்று சொன்னாய். நான் தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தத் தட்டில் பிரியாணியோடு இரண்டு முட்டை இருந்தது.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

வேலை நன்றாகத்தான் போகிறது. வாரக் கடைசியில் கிள்ளானில் ஒரு மாடிக் கடையில் டீஜேயாக டெக்னோ செட் வாசிக்கிறேன். போன வாரம் வாசித்ததை வீடியோ போட்டிருக்கிறார்கள். கேமராவை நேர் எதிரில் வைத்து முழு செட்டையும் ஒரே ஷாட்டில் எடுத்தது, கை நன்றாகத் தெரியும். மியூசிக் உனக்குப் பிடிக்காது. கையைப் பாரு. உன் வேலையே அதுதானே.

பிராண்டன்


பிரிக்பீல்ட்ஸ்
15 மே 2025

பிராண்டனுக்கு,

பார்த்தேன்.

"எங்க அக்காவுக்கு அடுத்தவன் கையைப் பார்க்கிறதுக்குச் சம்பளம்" என்று நீ உன் கூட்டாளிகளிடம் சொல்வாய். உண்மைதான். தெலுக் பங்லிமா காராங் ஃபேக்டரியில் நான்கு வருஷம் அதைத்தான் செய்தேன். லைனில் வேலை செய்கிறவர்களை வீடியோ எடுத்து, சத்தத்தை அணைத்துவிட்டு, எந்தக் கை எங்கே போகிறது, எது தேவையில்லாமல் போகிறது என்று பார்ப்பது. உன் வீடியோவையும் சத்தமில்லாமல்தான் பார்த்தேன். ஜசி தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அதுவுமல்லாமல், டெக்னோ எனக்கு ஃபேக்டரி மாதிரியே கேட்கும்.

முதலில், நீ வேலை தெரிந்தவன். இத்தனை நாள் நீ பட்டனை அழுத்திவிட்டுக் கையைத் தூக்கி ஆடுவதாகத்தான் நினைத்திருந்தேன். ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை ஹெட்போனில் கேட்டு, வேகத்தைச் சரிசெய்து, ஒன்றின் அடிச்சத்தத்தை இறக்கிக்கொண்டே மற்றதை ஏற்றுகிறாய். உன் கைகள் ஒன்றையொன்று இடிப்பதில்லை. எங்கள் லைனில் இப்படி ஒரு ஆள் இருந்தால் அவரைக் காட்டித்தான் மற்றவர்களுக்கு டிரெயினிங் கொடுப்போம்.

அப்புறம் வேறு நாலைந்து பேருடைய வீடியோக்களையும் பார்த்தேன். ஒப்பிடாமல் எதையும் சொல்லக் கூடாது என்பது பழக்கம். எல்லாரும் ஹெட்போனை ஒரு காதில்தான் வைக்கிறார்கள். மறு காது வெளியே திறந்திருக்கும். அடுத்து வரும் பாட்டு ஹெட்போனில், ஓடுகிற பாட்டு பக்கத்தில் இருக்கிற ஸ்பீக்கரில். ஒரு காதுக்கு ஒரு பாட்டு. தலை கொஞ்சம் அந்த ஸ்பீக்கர் பக்கம் சாயும்.

உன் தலை சாயவில்லை. ஹெட்போன் எப்போதும் வலது காதில். இடது பக்கத்தை மற்றவர்கள் மாதிரியே காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டிருக்கிறாய். ஆனால் உன் கை மட்டும் மிக்சரில் ஒரு சின்ன குமிழுக்குத் திரும்பத் திரும்பப் போகிறது. மற்றவர்கள் அதைத் தொடுவதே அபூர்வம். தேடிப் பார்த்தேன். ஓடுகிற பாட்டையும் வருகிற பாட்டையும் ஹெட்போனுக்குள்ளேயே கலந்து கேட்பதற்கான குமிழ் அது.

உன் இடது பக்கத்து ஸ்பீக்கர் மேல் ஜாக்கெட் தொங்குகிறது. முழு செட்டிலும் தொங்குகிறது. கேட்கிற ஸ்பீக்கர் மேல் யாரும் துணி போட மாட்டார்கள்.

பாதியில் ஒரு பையன் இடது பக்கமாகத் தண்ணீர் கிளாஸோடு வந்து ஏதோ சொல்கிறான். மறுபடி சொல்கிறான். அவன் கையைத் தொட்ட பிறகுதான் திரும்புகிறாய். திரும்பிச் சிரிக்கிறாய்.

முடிவு எதுவும் நான் எழுதவில்லை. உன்னையே கேட்கிறேன். உன் இடது காது கேட்கிறதா?

கிளாரிசா


கிள்ளான்
17 மே 2025

அக்கா,

என்ன, என்னை கியூசி செக் பண்றியா? நான் என்ன உங்கள் லைனில் வருகிற டப்பாவா?

அந்தக் குமிழ் என் ஸ்டைல். ஆளுக்கு ஒரு ஸ்டைல் இருக்கும். ஜாக்கெட் மாட்ட வேறு இடம் இல்லை, அதுதான் அங்கே போட்டேன். அந்தப் பையன் எப்போதும் வாய்க்குள்ளேயே பேசுவான். வீடியோவுக்குக் கீழே கமெண்ட் படித்தாயா? மிக்சிங் அவ்வளவு கிளீன் என்று யார் யாரோ எழுதியிருக்கிறார்கள். காது கேட்காதவன் அப்படி மிக்ஸ் பண்ண முடியுமா? யோசித்துப் பாரு லா.

மாடிக் கடை பாஸ் ஹைதர் அண்ணே அடுத்த மாதம் கேஎல் டவுனில் ஒரு பெரிய இடத்தில் என்னை வாசிக்கப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு இப்போதுதான் ஒரு வழி பிறந்திருக்கிறது. அதனால் இந்த மாதிரி எல்லாம் யாரிடமும் பேசிக்கொண்டிருக்காதே. ரயன் மச்சானிடமும் சொல்லாதே. அம்மாவிடம் சொல்லவே சொல்லாதே. மியூசிக்கால்தான் வந்தது என்று ஆரம்பித்துவிடுவாள்.

ஜசியை நன்றாகப் பார்த்துக்கொள்.

பிராண்டன்


பிரிக்பீல்ட்ஸ்
22 மே 2025

பிராண்டன்,

இல்லாத ஒன்றை யாரிடமும் சொல்லாதே என்று யாரும் கெஞ்ச மாட்டார்கள். "மியூசிக்கால்தான் வந்தது" என்று எழுதியிருக்கிறாய். எது வந்தது?

இந்த வாரம் இன்னொரு வீடியோ பார்த்தேன். ஞானஸ்நானத்தன்று ஞானத்தாயாக நின்றாளே நம் சித்தி மகள் கிறிஸ்டின், அவள் தம்பி போனில் முழுவதையும் எடுத்திருக்கிறான். கிறிஸ்டினை அனுப்பச் சொன்னேன். "இன்னும் அந்தச் சண்டையவே ரிவைண்ட் பண்ணிப் பார்க்கிறியா, கா? உனக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்பினாள். அதையும் சத்தமில்லாமல் பார்த்தேன்.

நீ சீக்கிரமே வந்துவிட்டாய். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒருவரும் நிற்காதபோதே ஒரு இடத்தைப் பார்த்து நின்றாய். தொட்டிக்கு இடது ஓரம். அங்கே நின்றால் ஃபாதர், குழந்தை, நாங்கள் எல்லாரும் உனக்கு வலது பக்கம். ஆரம்பத்தில் ஃபாதர் உன்னிடம் ஏதோ கேட்கிறார், நீ உடனே பதில் சொல்கிறாய். அப்புறம் ஃபிரேமுக்குள் ஒரு கை வருகிறது. உன் சட்டைக் கையைப் பிடித்து, கிறிஸ்டினை அந்தப் பக்கமும் உன்னை இந்தப் பக்கமும் மாற்றி நிறுத்துகிறது. கறுப்புச் சட்டை போட்டவன் ஜன்னல் வெளிச்சத்தை மறைக்கிறான், போட்டோ நன்றாக வராது என்று நான் சொன்னது நினைவிருக்கிறது. அந்தக் கையில் என் வளையல்தான் இருக்கிறது.

அதன் பிறகு ஃபாதர் உனக்கு இடது பக்கம். தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது. அவர் கையில் மைக் இல்லை. அவர் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார். நீ மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். அவர் நிமிர்ந்து மறுபடி கேட்கிறார். எல்லாரும் உன்னைப் பார்க்கிறோம். நாங்கள் பார்ப்பதைப் பார்த்துத்தான் நீ சிரிக்கிறாய். தண்ணீர் கிளாஸோடு வந்த பையனைப் பார்த்துச் சிரித்தாயே, அதே சிரிப்பு.

உனக்கு அந்தப் பெரிய இடம் முக்கியம் என்று தெரியும். நான் இதுவரை யாரிடமும் பேசவில்லை. ஆனால் டாக்டரிடம் 'இல்லை' என்று சொல்லியிருக்கிறேன். அந்த 'இல்லை'யை நம்பித்தான் அவர்கள் ஜசியின் வலது காதை விட்டுவிடப் போகிறார்கள். அது சரியான பதிலா, தப்பான பதிலா என்று எனக்குத் தெரிய வேண்டும். உன்னால் மட்டும்தான் சொல்ல முடியும்.

அக்கா


காப்பார்
26 மே 2025

அக்கா,

அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். நேற்று பூசைக்கு இங்கே வந்தேன், அப்படியே தங்கிவிட்டேன்.

கேட்காது. இடது காது எனக்கு எப்போதுமே கேட்டதில்லை.

எல்லாருக்கும் அப்படித்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபார்ம் த்ரீயில், பதினைந்து வயதில், முதல் தடவையாக ஒரு நல்ல ஹெட்போன் வாங்கினேன். இடது பக்கம் சத்தம் வரவில்லை. கடையில் மாற்றிக்கொண்டு வந்தேன். அதிலும் வரவில்லை. மறுபடி கொண்டுபோனேன். கடைக்காரர் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "பாஸ், ஹெட்போன் ஓகே லா. நீ திருப்பிப் போட்டுப் பாரு" என்றார். திருப்பிப் போட்டேன். ஹெட்போன் கெட்டிருந்தால் இப்போது வலது பக்கத்தில் சத்தம் வரக் கூடாது, ஆனால் வந்தது. இடது பக்கத்தில் வரவில்லை. சைக்கிளில் வீட்டுக்கு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். வந்து யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் மியூசிக்கில் இறங்கிவிட்டேன். பிறகு எப்படிச் சொல்வது? ஒரு காதுதான் கேட்கிற டீஜே என்றால் யார் கூப்பிடுவார்கள்? அதனால் நீ பார்த்ததெல்லாம் சரி. ஓடுகிற பாட்டும் வருகிற பாட்டும் எனக்கு ஒரே காதில்தான். அந்தக் குமிழைத் திருப்பித் திருப்பித்தான் பிரித்துக் கேட்கிறேன். மேசை விளிம்பில் விரல் வைத்தால் அடிச்சத்தம் விரலில் தெரியும். இடது ஸ்பீக்கர் எனக்கு வெறும் பெட்டி. கோவிலில் ஃபாதர் கேட்டது கேட்கவில்லை. அப்போதே "ஃபாதர், காது கேட்கல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் வாய் வரவில்லை.

உன் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியபோது ஜசியைவிட என் செட்டைத்தான் நினைத்தேன். அதுதான் உண்மை.

நேற்று நடந்ததைக் கேள். பூசைக்கு முன்னால் போய் வழக்கம்போல் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்தேன், எல்லாரும் என் வலது பக்கம் வருகிற மாதிரி. அப்பா வந்து நின்றார். "தள்ளு, அது என் இடம்" என்றார். வேறு இடம் எவ்வளவோ இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். நம் அப்பா கோவிலில், காரில், கல்யாண வீட்டில் எங்கே உட்காருவார் என்று யோசித்துப் பாரு. எப்போதும் அந்த ஓரம்தான்.

பூசை முடிந்து கார் பார்க்கில் கேட்டேன், ஸ்டேஷன் சத்தத்தில்தான் போச்சா என்று. அப்பா, "ஸ்டேஷன்ல சேர்றதுக்கு முன்னாடியே அப்படித்தான். சொன்னா எடுத்திருக்க மாட்டானுங்க" என்றார். அம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். "முப்பத்தஞ்சு வருஷமா நான் எந்தக் காதுக்குத்தான் பேசிக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு காரில் ஏறிக்கொண்டாள். வீடு வரும்வரை அவரோடு பேசவில்லை. பேசியிருந்தாலும், அவள் உட்கார்ந்திருந்தது சரியான பக்கமா என்று இப்போது அவளுக்கே சந்தேகம்.

டாக்டரிடம் 'இருக்கிறது' என்று சொல். அப்பா பெயரையும் என் பெயரையும் சொல். எங்களையும் டெஸ்ட் பண்ண வேண்டுமானால் இரண்டு பேரும் வருகிறோம். ஹைதர் அண்ணேயிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

பிராண்டன்


பிரிக்பீல்ட்ஸ்
12 ஜூன் 2025

தம்பி,

பெரிய டெஸ்ட் முடிந்தது. ஜசியின் இடது காது கேட்கவில்லை. வலது காது நன்றாகக் கேட்கிறது.

இதை எழுதும்போது அழவில்லை. திரையில் இரண்டு கோடுகள் வந்தன. ஒன்றில் அலை இருந்தது, மற்றதில் இல்லை. நான் கோடுகளைப் படிக்கப் பழகியவள்தான். ரயன் வீட்டுக்கு வந்து கட்டிலைத் தூக்கி, அவள் வலது காது கதவுப் பக்கம் வருகிற மாதிரி திருப்பிப் போட்டார். "இனிமே மூடியத் தட்டாத" என்றார். தட்டவில்லை.

முதலில் சொன்ன 'இல்லை'யை மாற்றிவிட்டேன். உன்னையும் அப்பாவையும் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜசியின் வலது காதை இனி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பார்கள். ஏதாவது குறைய ஆரம்பித்தால் ஆரம்பத்திலேயே தெரியும். முன்னால் சொன்ன பதிலோடு போயிருந்தால் ஸ்கூலில் சேர்க்கும்வரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் பேசத் தாமதமாகுமா, ரோட்டில் மோட்டார் வருகிற பக்கம் தெரியுமா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். டாக்டர், "உங்க தம்பி எப்படி இருக்கார்?" என்று கேட்டார். இரண்டு பாட்டை ஒரே காதில் கலக்குகிறான் என்று சொன்னேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை.

நேற்று உன் வீடியோவை முதல் தடவையாகச் சத்தம் வைத்துப் பார்த்தேன். இன்னும் ஃபேக்டரி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது எங்கே ஆரம்பித்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு காதும் கேட்கிற எனக்கு.

அத்தையிடம், என் மாமியாரிடம்தான், எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மன்னிப்பு அது இது என்று எதுவும் சொல்லவில்லை. "அப்போ அவன் காதுல கேள்வியே விழலையா? அப்படின்னா அது இன்னும் பாக்கி" என்றார்கள். அவர்கள் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஞானஸ்நானம் செல்லும், அதில் குறை ஒன்றும் இல்லை என்று ஃபாதர் சொல்லிவிட்டார். இருந்தாலும் அத்தைக்கு மனசு ஆறவில்லை. எனக்கும்தான்.

அதனால் எழுத்தில் கேட்கிறேன். எழுத்தில் எந்தப் பக்கம் நிற்கிறாய் என்கிற பிரச்சினை இல்லை.

ஜசிந்தாவின் ஞானத்தந்தை பிராண்டன், சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?

அக்கா


கிள்ளான்
13 ஜூன் 2025

அக்கா,

விட்டுவிடுகிறேன்.

உன் மாமியாரிடம் காட்டு. வேண்டுமானால் பிரிண்ட் எடுத்துக் கொடு.

ஹைதர் அண்ணேயிடம் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்ப பாதிச் சம்பளம் போதும்ல?" என்று கேட்டார். சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. கேஎல் இடத்துக்கு வேறு ஆளைப் பேசிவிட்டதாக அப்புறம் மெசேஜ் வந்தது. ஆனால் நேற்று மாடிக் கடைக்குப் போனால் ஸ்பீக்கர் வலது பக்கம் மாறியிருக்கிறது. ஜாக்கெட் மாட்டச் சுவரில் ஒரு ஆணியும் அடித்துவைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ரயிலில் வருகிறேன். ஜசியைத் தூக்கலாமா என்று கேட்கப் போவதில்லை. தூக்குவேன்.

ஒன்று மட்டும் யோசித்தேன். அவளுக்கும் வலது காது, எனக்கும் வலது காது. நான் அவள் வலது பக்கம் உட்கார்ந்தால் அவள் எனக்கு இடது பக்கம் வருவாள். அவளுக்குக் கேட்கும், எனக்குக் கேட்காது. மாறி உட்கார்ந்தால் எனக்குக் கேட்கும், அவளுக்குக் கேட்காது. பக்கத்தில் உட்காரவே முடியாது, எப்படி மாற்றினாலும் ஒருவருக்கு விட்டுப்போகும். நேர் எதிரில்தான் உட்கார வேண்டும்.

நாற்காலியை எதிரில் போட்டு வை. பிளாக்கையும் எடு லா.

பிராண்டன்